உங்களிடம் இருக்கும் பாதி

புதன்கிழமை மாலை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. ஒரு வருடமாக இந்த ஞாயிறு பார்க்கிறேன், அடுத்த ஞாயிறு பார்க்கிறேன் என்று நீங்கள் தள்ளிப்போட்ட வேலையைக் குழாய்க்காரர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. படிக்கிறேன் என்றுதான் சொல்கிறாள்.

போனில் கோர்ட் என்று நான் வாயெடுத்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. நீங்கள் வேலைக்குப் போன ஊரில் அப்படி என்ன டவரோ. அதனால்தான் கூரியர். கிழித்துப் போட்டாலும் அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கம்பெனியின் திவால் வழக்கு இன்று நான்காவது முறையாக விசாரணைக்கு வந்தது. உங்கள் கம்பெனி என்று எழுதக் கூடாதோ என்னவோ, பழக்கம். முதல் வாய்தாவுக்கு நான் போனது வேடிக்கை பார்க்கத்தான். ஊழியர்கள் அத்தனை பேரும் பார்க்க, வாசலில் வைத்து உங்கள் அடையாள அட்டையைப் பிடுங்கியவர்கள் கைகட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தேன், வயிறு குளிர்ந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் போட்ட அரை நாள் லீவு வீண் போகவில்லை. அதற்கப்புறம் ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. இப்போதெல்லாம் கோர்ட் ஊழியர் என்னைக் கண்டதும் மின்விசிறிக்குக் கீழே இடம் காட்டுகிறார்.

இன்று திவால் நிர்வாகி எழுந்தார். கம்பெனியை விற்பதற்காகக் கோர்ட் நியமித்த ஆள். வலிப்பு வந்தால் உடனே வீட்டாருக்குப் போன் அடிக்கும் உங்கள் கைப்பட்டை இன்னும் நாலாயிரம் பேர் கையில் இருக்கிறதாம். அவற்றை இயக்கும் கணினியை வருடத்துக்கு ஒரு முறை தலைமைக் கடவுச்சொல் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. அதற்குள் போடாவிட்டால் அத்தனையும் வெறும் வளையல்தான் என்றார்.

போட வேண்டியதுதானே என்றார் நீதிபதி. நிர்வாகி மென்று விழுங்கினார். கம்பெனியைத் தொடங்கிய இரண்டு நண்பர்கள் அதை ஆளுக்குப் பாதியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்று சொன்னார். ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா என்ன பண்றதா இருந்தாங்க என்று நீதிபதி கேட்டார். அறையே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தானே அதைப் பாதியாகப் பிரித்தீர்கள். ஒரு காகிதத்தில் எழுதி லாக்கரில் வைக்கலாமே என்றேன். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் இருவரும் என்னைப் பார்த்தீர்கள். எழுதி வச்சா அது கூட்டாளித்தனம், எழுதாம வச்சாத்தான் அது நட்பு என்றார் உங்கள் நண்பர் சோடாபுட்டி. நீங்களும் தலையாட்டினீர்கள். இப்படி ஒரு கிறுக்குத்தனம் உங்கள் இரண்டு பேருக்குத்தான் வரும்.

அதே சோடாபுட்டியை இன்று கூப்பிட்டார்கள். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். தன் பாதியை உறையில் போட்டு நீதிபதியிடம் கொடுத்தார். பிறகு, மன உளைச்சலில் மறந்துவிட்டது என்று நீங்கள் அனுப்பிய பிரமாணப் பத்திரத்தை வாசித்தார்கள். அவன் ஞாபகம் இல்லேன்னா இல்லதான் சார், அவன் பொய் சொல்ல மாட்டான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உங்களை வெளியே தள்ளிய அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அதைக் கேட்டபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

என் பக்கத்தில் எப்போதும் ஒரு அம்மா உட்காருவார், பஸ் டிரைவர். யூனிபார்மோடுதான் வருவார். மகளுக்குப் பதினான்கு வயது, வலிப்பு. போன் அடித்ததும் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாராம், ஏழு தடவை அப்படிப் பிழைத்திருக்கிறாள். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இதைச் செஞ்ச மனுஷன் கை நல்லா இருக்கணும் என்றார். நான் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இனிதான் விஷயம். மறந்துவிட்டது என்றவரின் மனைவி வாய்தா தவறாமல் வருகிறாரே, அவரையே விசாரிக்கலாமே என்று நிர்வாகியின் வக்கீல் கேட்டார். சம்மனைக் கையோடு கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் கூண்டில் ஏற வேண்டும். பதில் சொல்ல மறுக்க எனக்கு உரிமை உண்டாம். மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மின்விசிறிக்குக்கூடத் தெரியும்.

அட்டையைப் பிடுங்கிய அன்று சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து, உங்கள் பாதியை ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஒப்பித்தீர்கள். இது இல்லாம என்ன கிழிக்கறானுங்கன்னு பாப்போம் என்றீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த முப்பது சொச்சம் எழுத்தில் எனக்கு மூன்றுதான் நினைவிருக்கிறது. இருந்திருந்தால் இன்றே எழுந்து நின்று சொல்லியிருப்பேன், உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் கோபம் நியாயம்தான். ஆயுசுக்கும் சோடாபுட்டியோடு பேச வேண்டாம், நானும் பேசப் போவதில்லை. ஆனால் உங்கள் அட்டையைப் பிடுங்கியது அந்த டிரைவர் இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். நிர்வாகியின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பாராம். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லுங்கள், யாரும் துருவ மாட்டார்கள். திங்கட்கிழமை என்னைக் கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்வேன். அதை என் வாயால் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் பக்கமே நிற்க விரும்பும்
உங்கள் மனைவி