தங்கூசி கட்டிய கிற்றார்

எங்கள் வீட்டுக்குச் சத்தம் கொண்டுவந்த அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிறு கோயிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். வந்து அக்கா சூடைமீன் குழம்பு வைத்தாள். முள்ளை எடுத்து எடுத்து என் தட்டில் மீனை வைக்க நீங்கள் இல்லாதபடியால், இத்தனை படித்த பிறகு இப்போதுதான் சூடைக்கு முள் எடுக்கப் பழகியிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் மீனைப் பற்றியதல்ல. உங்கள் கிற்றாரைப் பற்றியது. ஆறுதலாக இருந்து கேளுங்கள். ஒரு நல்ல செய்தியும், உங்களுக்குப் பிடிக்காத ஒரு செய்தியும் இருக்கின்றன.

உங்களுக்கு ஞாபகமிருக்கும், அக்காவைக் கலியாணம் முடித்து முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தபோது, ஒரு கையில் உடுப்புப் பெட்டியும் மறுகையில் அந்தக் கிற்றாரும்தான் கொண்டு வந்தீர்கள். வயல் செய்கிற எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாமானை யாரும் கண்டதில்லை. “கப்பல்ல போன அண்ணர் கொண்டந்தது. அசல் அமெரிக்கன்” என்று அப்பாவுக்குச் சொன்னீர்கள். அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கை வெறும் கோதா, கட்டையா?” என்று கேட்டார். “ரெண்டும்தான் மாமா. நடுவில கட்டை, ரெண்டு கரையும் கோது. கரண்ட் இல்லாட்டி முணுமுணுக்கும், கரண்ட் குடுத்தா ஊரைக் கூட்டும்” என்றீர்கள். வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்ற சின்னப்பிள்ளை நான். அந்தப் பதில் எனக்கு நிரம்பப் பிடித்தது.

ஊரைக் கூட்டியதை நாங்கள் கேட்கவில்லை. கரண்ட் எங்கே இருந்தது? பிறகு இடம்பெயர்ந்து ஓடியபோது, அதைப் பொலித்தீனில் சுற்றிப் பின்வளவு மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது உடம்பு அப்படியே இருந்தது. நரம்புகள் மட்டும் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தன. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் சவர்க்காரமே வராத காலத்தில் கிற்றார் நரம்புக்கு எங்கே போவது? நீங்கள் கடற்கரைப் பிள்ளை. மீன் பிடிக்கிற நைலோன் தங்கூசியை வாங்கி, மெல்லியதும் மொத்தமுமாய்ப் பார்த்து, ஆறு நரம்பும் கட்டினீர்கள். பின்னேரங்களில் மாமரத்தடியில் அது முணுமுணுத்தது. “மருமோன்ர பெட்டி திருப்பியும் கதைக்குது” என்று அம்மா குசினிக்குள் இருந்து சொல்வாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம் கிளிநொச்சியில் நடந்த அந்தக் கலியாண வீட்டைப் பற்றி நான் எழுதாமல் விடலாம். ஆனால் எழுதத்தான் வேண்டும். ஜெனரேற்றர், பெரிய ஸ்பீக்கர்கள், இருநூறு முந்நூறு சனம். நீங்கள் வெள்ளைச் சேட்டுப் போட்டு மேடையில் ஏறி, வயரைச் செருகி, தலையை ஒரு பக்கம் சரித்து வாசித்தீர்கள். ஒன்றும் வரவில்லை. குமிழ்களைத் திருப்பினீர்கள். வயரை மாற்றினார்கள். ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. பின்னால் இருந்து ஒரு குரல், “அண்ணை, அது மண்ணைத் திண்டிட்டுது, விடுங்கோ!” என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தபடி இறங்கி வந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஊரில் உங்களுக்கு ஒரு பெயர் விழுந்தது. கிற்றாரைத் தாட்ட ஆள். யார் கேட்டாலும் “ஓம், நான்தான் மண்ணுக்குள்ள வைச்சுச் சாகடிச்சுப்போட்டன்” என்று பகிடியாகவே சொல்வீர்கள். ஆனால் சுவர் ஆணியில் கொழுவிய பிறகு அதை நீங்கள் தொடவே இல்லை. அந்த மாரியோடு நெஞ்சு நோவு வந்தது. அது சாகவில்லை என்று தெரியாமலே போய்விட்டீர்கள்.

ஓம் அத்தான். அது சாகவில்லை. இதுதான் நல்ல செய்தி. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

இந்த வருடம் அக்கா மிளகாய்த் தோட்டம் போட்டிருக்கிறாள். கிணற்றில் இருந்து கையால் இறைத்து இறைத்து அவளின் தோள்மூட்டு போய்விட்டது. தண்ணீர் இறைக்கிற மெசின் ஒன்று வேண்டும். பழைய சாமான் வாங்குகிற சலீம் நானாவை உங்களுக்குத் தெரியாது. வவுனியாவில் இருந்து வந்து கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் கடை போட்டிருக்கிறார். போன மாதம் ஊருக்குள் வந்தபோது அக்கா அவரைக் கூப்பிட்டு, சுவரில் இருந்ததைக் காட்டினாள்.

நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்பக்கத்தில் கொம்பனிப் பெயர் இருந்த இடத்தில் நீங்கள் கறுத்தப் பெயின்ற் அடித்து உங்கள் பழைய பாட்டுக் கோஷ்டியின் பெயரை எழுதியிருந்தீர்களே. “பேர் தெரியாத சாமான், அதோட பழுது எண்டுறீங்க. நான் என்ன விலை சொல்ல தங்கச்சி? மெசினுக்குக் காணாது. மெசின்ட பெல்ற்றுக்குக் காணும்” என்றார்.

“அது காணும், கொண்டுபோங்கோ” என்றாள் அக்கா.

மெசின் வேண்டும்தான். ஆனால் பெல்ற்றின் விலைக்கு ஏன் இத்தனை அவசரம்? அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்பது போல இருந்தது அவளின் முகம். “நானா, அடுத்த கிழமை வாங்கோ. நான் அது என்ன கிற்றார் எண்டு விசாரிச்சுச் சொல்லுறன்” என்றேன். என் வாயில் இருந்து அத்தனை சொல் ஒன்றாக வந்ததில் அக்காவே திரும்பிப் பார்த்தாள்.

“நீ கம்பஸில புவியியல்தானே படிச்சனி? கிற்றாரும் படிப்பிச்சவங்களோ?”

“உலகப் படத்தில எங்க செய்ததெண்டாவது கண்டுபிடிப்பன்” என்றேன். நானா சிரித்துவிட்டார். கொழும்பில் பழைய கிற்றார் வாங்கி விற்கிற ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை அவரே தந்தார்.

கிளிநொச்சியில் இப்போது வெளியூருக்குக் கதைக்கக் கொமினிகேசன் கடைகள் வந்திருக்கின்றன. கிற்றாரை உரப்பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய், வரிசையில் நின்று அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். கொழும்புக்காரர் நல்ல மனிதர், தமிழும் கதைத்தார்.

“மிஸ், மேல ரெண்டு பக்கமும் வளைஞ்ச ஓட்டை இருக்கில்ல? அதுக்குள்ள பாருங்க. நடுவுல மரம் ஓடுதா, சும்மா வெறுமனையா?”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொண்டுபோன முகம் பார்க்கும் கண்ணாடியை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்து ரோச் லைற் அடித்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஐயா ஒருவர், “பிள்ளை பெட்டிக்குள்ள ஆரைத் தேடுது?” என்றார். நடுவில் தலை முதல் கால் வரை ஒரு கட்டை ஓடியது. நீங்கள் அப்பாவுக்குச் சொன்னபடியே. “மரம் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னேன்.

“குட். கழுத்து உடம்போட ஒட்டியிருக்கா, ஸ்குரூ போட்டிருக்கா?”

திருப்பினேன். “ஒரு தகடு, நாலு ஸ்குரூ.”

“அப்ப அமெரிக்கன் இல்ல மிஸ், இந்த மாடல அவங்க ஒட்டித்தான் செய்வாங்க. அத பாத்து ஜப்பான்ல செஞ்சது. உள்ள லேபல் இருந்தா பாருங்க.”

லேபலில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மிச்சப் பாதியில், கடைசி வரியில், ஜப்பான் என்றிருந்தது அத்தான். உங்களுக்குப் பிடிக்காத செய்தி இதுதான். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கப்பல் அண்ணர் உங்களுக்குச் சொன்னதைத்தானே எங்களுக்குச் சொன்னீர்கள்? அல்லது, உங்களுக்கும் உள்ளூரத் தெரிந்திருந்ததா? அந்தக் கறுத்தப் பெயின்ற் கோஷ்டியின் பெயருக்காக மட்டும்தானா? இனி யாரிடம் கேட்பது.

நான் அதை வாசித்துச் சொன்னதும் கொழும்புக்காரர், “கவலப்படாதீங்க. நல்ல கிற்றார்தான். பழசுக்கு இப்ப ஆள் இருக்கு. நரம்புக்குக் கீழ ரெண்டு நீளப் பெட்டி இருக்கில்ல, பிக்கப்னு சொல்லுவோம். அது வேல செஞ்சா ஒரு கறவ மாட்டு வெல போகும். செத்திருந்தா மரத்துக்கும் நரம்பு முறுக்குற சாவிக்கும்தான் காசு” என்றார்.

“உயிர் இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?”

“அம்ப்ளிஃபயர்ல வயர குத்திட்டு, ஸ்குரூ டிரைவரால பிக்கப்ப லேசாத் தட்டுங்க. ஸ்பீக்கர்ல கேட்டா உயிர் இருக்கு.”

நேராகச் சலீம் நானாவின் கடைக்குப் போனேன். “பெல்ற்றுக்குச் சம்மதிச்சாச்சோ?” என்று கேட்டபடி ஜெனரேற்றரை இழுத்து, விற்க வைத்திருந்த பழைய அம்ப் ஒன்றில் வயரைச் செருகினார். நான் நரம்பைத் தட்டினேன். இரைச்சல் மட்டும். அந்தக் கலியாண வீட்டு இரைச்சல். பிறகு ஸ்குரூ டிரைவரை வாங்கி, அந்தப் பெட்டியைத் தொட்டேன்.

டொக்.

கடைக்கு வெளியில் படுத்திருந்த நாய் எழும்பி நின்றது. திரும்பவும் தட்டினேன். டொக். மற்றதையும் தட்டினேன். டொக். இரண்டும் உயிரோடிருந்தன. பிறகு ஏன் நரம்பு மட்டும் பேசவில்லை? ஸ்குரூ டிரைவரின் நுனி பெட்டியில் மெல்ல ஒட்டிப் பிடித்ததைக் கை உணர்ந்தது. காந்தம். நரம்பைப் பார்த்தேன்.

“நானா, இது தங்கூசி.”

“அதுக்கென்ன?”

“இது காந்தம். இரும்பு அசைஞ்சாத்தான் இதுக்கு விளங்கும். தங்கூசி அசைஞ்சா விளங்காது.”

அவர் என்னைப் பார்த்தார், கிற்றாரைப் பார்த்தார். உள்ளே போய், ஒரு சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்து, மெல்லிய இழை ஒன்றை எடுத்து வந்தார். கடைசி நரம்பை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டி இறுக்கினோம். “தட்டுங்க தங்கச்சி” என்றார். தட்டினேன்.

எப்படி எழுதுவது அத்தான்? ஒரேயொரு நரம்பு. சுருதியுமில்லை. ஆனால் அது நீண்டு நீண்டு போனது. சந்தைக்குள் சாமான் வாங்க வந்த சனம் திரும்பிப் பார்த்தது. “அல்லாவே, இவ்வளவு நாளும் வாயக் கட்டியெல்லோ வச்சிருந்திருக்கு” என்றார் நானா.

நீங்கள் எப்படிப் பிழைவிட்டீர்கள் என்று பிறகு யோசித்தேன். முழுக்கட்டையாக இருந்திருந்தால் கரண்ட் இல்லாமல் சத்தமே பெரிதாக வந்திராது. நரம்பில்தான் சங்கதி என்று என்றோ கண்டுபிடித்திருப்பீர்கள். இது பாதி கோது. தங்கூசியிலும் பாடியது. மரம்தான் பாடுகிறது, வயர் அதைக் கொண்டுபோகிறது என்று நம்பினீர்கள். யார்தான் நம்பமாட்டார்கள்? பாதை திறந்த கிழமையே கொழும்பில் இருந்து ஒரு கட்டு இரும்பு நரம்பு எடுப்பித்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கிணற்றடியில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். மண் ஒன்றும் செய்யவில்லை, தாட்டதால் ஒன்றும் பழுதாகவில்லை, நரம்புதான் பிழை என்றேன். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டாள்.

“தாட்டு வையுங்கோ எண்டு சொன்னது நான்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“அவர் தோளில போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டவர். நான்தான், மூட்டையளைத் தூக்கவே ஆளில்லை, உதைத் தாட்டுப்போட்டு வாங்கோ எண்டு கத்தினனான். அந்தக் கலியாண வீட்டில சனம் சிரிக்கேக்க, நான் பந்தலுக்குள்ளதான் இருந்தனான். அந்த மனுசன் என்ர பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. ‘நான்தான் சாகடிச்சுப்போட்டன்’ எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சார். என்னைத் தனியக்கூட ஒரு சொல் குறை சொல்லேல்லை. அது சுவரில தொங்கத் தொங்க எனக்கு...”

நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணியோடு வந்து, “விப்பம்” என்றாள். “தொலைக்கிறதுக்கு இல்லை. இப்ப மனசோட குடுக்கலாம். வாசிக்கிற ஆளுக்குத்தான் குடுக்கிறது.”

சலீம் நானா அதை வாங்க மறுத்துவிட்டார். “உயிருள்ளதெண்டு தெரிஞ்ச பிறகு அந்த விலைக்குக் கேட்டா ஹராம்” என்று, கொழும்பில் இருந்து நரம்பு எடுப்பித்து, வவுனியாவில் இருந்து ஒரு பொடியனைக் கூட்டிவந்தார். கலியாண வீடுகளில் வாசிக்கிறவனாம். நாங்களும் கடைக்குப் போனோம். அவன் வாசித்தான். அக்கா கதிரையின் நுனியில் இருந்து, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, முழுவதையும் கேட்டாள். ஊரைக் கூட்டும் என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை.

பிறகு விலை பேசியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பெல்ற்றின் விலைக்குக் கொடுக்க இருந்த அக்கா, கறவை மாட்டில் தொடங்கிக் கன்றையும் சேர்த்துக் கேட்டாள். “அக்கா, இது ஜப்பான்தானே” என்று அவன் இழுத்தான். “ஜப்பான்காரன் என்ன விசரனோ? மண்ணுக்குள்ள கிடந்தும் பாடுது. அமெரிக்கன் பாடுமோ?” என்றாள். நானா முகத்தை மறுபக்கம் திருப்பிச் சிரித்தார். கன்று இல்லாமல் மாட்டின் விலைக்கு முடிந்தது. போகும்போது அவன் உங்கள் கறுத்தப் பெயின்ற்றைச் சுரண்டப் போவதாகச் சொன்னான். அது அவனுடைய விருப்பம் என்றாள் அக்கா.

மெசின் வந்துவிட்டது. மிளகாய்க்குத் தண்ணீர் போகிறது. அக்காவின் தோளுக்கு நல்லெண்ணெய் போட்டு விடுகிறேன். உங்களைப் போல உருவத் தெரியாது என்று குறை சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். எல்லாரும் வாசிக்கட்டும் என்று பேப்பருக்கு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அக்காவிடம் கேட்டேன், “எழுது, என்ர கதையையும் சேர்த்து எழுது” என்றாள். இனி எந்தக் கலியாண வீட்டிலாவது, எந்தச் சந்தியிலாவது, கிற்றாரைத் தாட்டுக் கெடுத்த ஆள் என்று யாரும் உங்களைப் பற்றிக் கதைத்தால், நான் தலையைக் குனிந்துகொண்டு போகமாட்டேன். அந்த இடத்திலேயே நின்று சொல்லுவேன்: அவர் ஒன்றையும் கெடுக்கவில்லை. தன் மனைவியின் பழி என்று நினைத்த ஒன்றைத் தன் பழியாக்கிச் சுமந்தார். கடைசியில் அது பழியே இல்லை.

இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

என்றும் உங்கள் சின்ன மச்சாள்,
வதனி
ஸ்கந்தபுரம்