மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடும் இடம்

என் செல்ல அக்கா தேவிக்கு,

உன் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முன்பல் இரண்டும் ஆடுகின்றன. நீ கண்ணை மூடிய பிறகு நானும் அவளும்தான் ஒரே பாயில் படுக்கிறோம். "சித்தி, நீ தூங்கசொல்ல பல்லை நறநறன்னு கடிக்கிற, பயமா கீது" என்று ஒருநாள் சொன்னாள். நான் நம்பவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை எனக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர்தான்.

கோபப்படாதே. மாமா கேட்கவில்லை. சாத்தாங்காடு இரும்புக் கடையில் வேலை முடிந்து நம் திருவொற்றியூர் வீட்டுக்கு வருவார், மகளை மடியில் வைத்திருப்பார், போய்விடுவார். எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. "வெளிய இருந்து ஒருத்தி வந்தா இந்தக் கொயந்தைய வச்சிப்பாளா? நீதான்டி அதுக்கு இனிமே அம்மா" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு போனில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். மாமா கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! நல்ல மனுஷனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ராயபுரத்தில் நான் பல்செட் செய்கிற லேபுக்கு நீ ஒருமுறை வந்தாயே, அங்கே ஆர்ட்டிகுலேட்டர் என்று ஒரு கருவியைக் காட்டினேன். பிளாஸ்டரில் வார்த்த மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் அதில் பொருத்தினால், தாடை மாதிரியே திறக்கும், மூடும், பக்கவாட்டில் நகரும். பிடித்துப் பார்த்துப் "பேய் சிரிக்குதுடி" என்றாய். போன வாரம் தாடை வலி பொறுக்கமுடியாமல் போனபோது, கூட வேலை செய்கிற நசீமா என் பற்களையே அச்செடுத்து அதில் ஏற்றினாள்.

மூடிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் பொருந்தின. கோரைப்பல்லின் முனை மட்டும் மழுங்கியிருந்தது. எதில் உரசியது என்று புரியவில்லை. பிறகு மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினாள். மெல்லும்போது யாரும் போகாத தூரம் போனதும், மேலே தேய்ந்த இடமும் கீழே தேய்ந்த இடமும் இம்மி பிசகாமல் ஒட்டிக்கொண்டன.

"இன்னாடி இது, இம்மாந்தூரம் தாடைய இஸ்துகினு போய்க் கடிக்கிற? யாரு மேல இம்மாங் கோவம்?"

அழுதுவிட்டேன் அக்கா. அம்மா மேல் கோபம். உன் மேலும்தான். ஏன் போனாய்?

வாய் சும்மா மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. நடுவில் துளி இடைவெளி இருக்கவேண்டும். அது இல்லாமல் பல்செட் செய்துவிட்டால், போட்டுக்கொள்கிறவருக்கு நாள் முழுக்க வலிதான். அந்தத் துளி இடம்கூட இந்த வீட்டில் எனக்கு இல்லை.

நேற்றுக் காலை, அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று அடுப்படிக்குப் போனேன். தாடை பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவே இல்லை. காதோரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "வெக்கத்தப் பாரு இவுளுக்கு" என்று அம்மா சிரித்தாள். எனக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டு அழகு பார்த்தாள்.

உன் பெண்ணை நான் ஒருநாளும் விடமாட்டேன். தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விடுவேன். அவள் கல்யாணத்துக்கும் நான்தான் முன்னால் நிற்பேன். ஆனால் மாமாவுக்குப் பெண்டாட்டியாக என்னால் முடியாது. நாளைக்கு அவர் வருவார். அவரிடமே நேரில் சொல்லிவிடுகிறேன், இது உன்மேல் சத்தியம். தாடை திறக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். 'மாட்டேன்' என்பதற்கு ஒரு விரல் அளவே தாராளம்.

உன் தங்கை,
மாமாவுக்கு என்றைக்கும் மச்சினி மட்டுமே ஆன
கலா