ஆடும் கப்பலின் படம்

6.3.2007, செவ்வாய்

நாவுல ஊர் இராணுவச் சோதனைச்சாவடியில் என் கட்டுரையைப் பறித்துக்கொண்டார்கள். வேறு பிரதி இல்லை. ராடார் படத்தில் உண்மைக் கப்பலை ஏமாற்று மிதவையிலிருந்து பிரித்தறியும் கணக்கு அது. ஓடும் கப்பல் அலையில் ஆடுவதால் அதன் படம் விரிந்து கலங்கும். மிதவை எவ்வளவு ஆடினாலும் ஒரே புள்ளியாகத் தெளிவாக விழும். கலங்கியதைப் பொய்யென்று தள்ளிவிடக் கூடாது என்றுதான் வருடக்கணக்காக எழுதினேன். சிப்பாய் கட்டுரையிலிருந்த கப்பல் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துக் கடை மாணிக்கம் சொன்னார்: "நீங்க நடுங்குனதப் பாத்துத்தான் மாஸ்டர் சந்தேகப்பட்டாங்க. நான் கல்லு மாதிரி நின்னேன், பையக்கூடத் தொறக்கச் சொல்லல."

அவர் பை நிறையக் கள்ளச் சிகரெட்.

இப்போது முதல் சமன்பாட்டை நினைவிலிருந்து எழுதப் பார்க்கிறேன். கை இன்னும் ஆடுகிறது.