இரண்டு வரிசையிலும் ஒரே பழுது

பெங்களூர்,
செவ்வாய் காலை

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? புதுச்சேரியில், சாரத்து நம் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. எங்கள் கம்பெனியின் புது மெமரி சிப் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். ஒரே தகவலை இரண்டு வரிசைகளில் எழுதி, உள்ளேயே ஒப்பிட்டு, ஒத்துப்போனால் சரி என்று சொல்லிவிடும். இரண்டிலும் ஒரே பழுது இருந்தாலும் ஒத்துத்தானே போகும் என்று போன மாதமே எனக்குத் தோன்றியது. நோட்டில் பென்சிலால் குறித்தும் வைத்தேன். நான் நினைப்பது தவறாக இருக்குமோ என்று வாய் திறக்கவில்லை.

விற்ற சிப்புகள் அதே பழுதோடு திரும்பி வந்துவிட்டன. சோதனையை எழுதியவள் சிவசங்கரி, நம் மூலக்குளத்துப் பெண்; அதைச் சரிபார்த்தவன் நான். அவளை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள்.

"நீங்களும் பாத்துதானே சார் கையெழுத்து போட்டீங்க? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனே" என்றாள்.

"எனக்கு அப்ப தோணலம்மா" என்றேன். அறுபத்தெட்டு வயதில் பொய்.

இன்று அந்த நோட்டை மேலாளரிடம் கொடுத்துவிடுவேன். என்னை ஊருக்கு அனுப்பிவிடலாம். ஊருக்கு வந்துவிடும் ஆசையில்தான் கொடுக்கிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. போன கடிதத்தில் கேட்ட போர்வையை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன்
கிருஷ்ணசாமி