குழந்தைக்கு அடிபட்டதாக வந்த மெயில்

மார்ச் 3

தம்பிக்கு,

தாளில்தான் எழுதுகிறேன். மெயில் போட்டால் இதுவும் சோதனையோ என்று நீயே திறக்க மாட்டாய்.

நம் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு உன் பொறுப்பு, சரி. அதற்காக, "காப்பகத்தில் உங்கள் குழந்தைக்கு அடிபட்டுவிட்டது, இங்கே அழுத்தவும்" என்று பொய் மெயில் அனுப்பிப் பார்ப்பாயா? குட்டிக்கு என்னவோ என்று உடனே அழுத்தினேன். "ஏமாந்துவிட்டீர்கள்" என்று திரையில் ஒரு பொம்மை இளிக்கிறது. மறுநாள் கேன்டீன் பலகையில் ஏமாந்தவர்கள் என்று என் பெயர், என் வார்டு நர்ஸ்களில் இன்னும் இரண்டு அம்மாக்களின் பெயர். அழுத்தாத, கல்யாணமாகாத டாக்டருக்குப் பாராட்டு. வயிறு எரிகிறதடா.

நர்ஸ் நாங்கள் ஊசி போடும்முன், "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவோம். வலிக்கிறதா என்று பார்க்க யாரையும் குத்துவதில்லை. அந்தப் பலகையைக் கழற்று.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் புரிகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் புகும் நிஜத் திருடன் இதைவிடக் கேவலமாக எழுதுவான். அம்மா, பிள்ளை என்றெல்லாம் பார்க்க மாட்டான். ஒருத்தர் அழுத்தினால் மொத்த ஆஸ்பத்திரியும் படுத்துவிடும். எல்லாருக்கும் ஒரே விதி. அக்கா என்று உன் பெயரை மட்டும் எடுத்தால் நாலு பேர் என்னைக் கேட்க மாட்டார்களா?

சந்தேகமாக இருந்தால் திறக்காமல் எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிடு, அவ்வளவுதான். குட்டிக்கு மாமாவின் முத்தம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரட்டுமா?

தம்பி

மார்ச் 19

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். நேற்று மதியம் வார்டு கம்ப்யூட்டரில் அதே தலைப்பில் ஒரு மெயில். "மறுபடியுமா, போடா" என்று திட்டிக்கொண்டே, திறக்காமல் உங்களுக்குத் தள்ளிவிட்டேன். உடனே உங்கள் மெஷின் பதில் போட்டது: "சபாஷ், விழிப்பாக இருந்தீர்கள்."

வேலை நேரத்தில் எங்கள் போன் லாக்கரில் இருக்கும், உனக்கே தெரியும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் காப்பகத்து டீச்சர் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள்; அந்த மெயிலும் அவள் அனுப்பியதுதான். குட்டி ஊஞ்சலிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. டீச்சரே பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போய்க் கட்டுப் போட வைத்திருக்கிறாள். ஊரார் பிள்ளைகளுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். என் பிள்ளைக்குப் போடும்போது நான் இல்லை.

திருடன் வருவான் என்றாய். அவன் இன்னும் வரவே இல்லை. அதற்குள் என் பிள்ளையைப் பற்றி வந்த செய்தியை நானே நம்பாதபடி செய்துவிட்டாய். யாரைக் காப்பாற்றுகிறாய் நீ?

"ஏம்மா நீ வரல?" என்று குட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பலகையைக் கழற்றிவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்து நீ பதில் சொல். முடியாதென்றால் இந்த வீட்டுப் படி ஏறாதே.

அக்கா