எதிர்க்கடைக்காரர் திறந்து காட்டிய கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நிம்மதியில் எழுதுகிறேன். இங்கே வீடு நலம், கடை நலம், அம்மா நலம், என் தொண்டை மட்டும் இன்னும் நலத்துக்குப் பக்கத்துத் தெரு வரைக்கும்தான் வந்திருக்கிறது. போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்று நழுவுகிற மனுஷன் இத்தனை பக்கம் எழுதுகிறாரே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பேசவே கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டிப்போட்ட பிறகுதான் எனக்குச் சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. கடை விஷயத்தில் பாதியை அம்மா போனில் சொல்லியிருப்பாள், ஆனால் தன்னைப் பற்றிய பாதியை அவள் சொல்லியிருக்க மாட்டாள், அந்தப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தொண்டையில் இருந்த சின்ன முடிச்சை எடுத்தாயிற்று, அது கெட்ட வகை இல்லை என்று பரிசோதனையிலும் வந்துவிட்டது, அதனால் அந்தக் கவலையை நீ இறக்கி வைத்துவிடு. அச்சு மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வந்தது என்றார் டாக்டர். கிசுகிசுவென்று பேசினால்கூட புண் ஆறாது, ஊமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டார். சரி, சும்மா இருப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் வினை தெரிந்தது. நம் கடையில் விலை எப்படிச் சொல்வோம் என்று உனக்குத்தான் தெரியுமே, மாதிரியை வாங்கி விரலில் தேய்த்துப் பார்ப்பேன், எத்தனை கலர், எத்தனை மடிப்பு, அவசரமா இல்லையா என்று கேட்பேன், வாயில் விலை வந்துவிடும். எந்தத் தாளிலும் எழுதி வைத்ததில்லை. "உங்க வாய்தாங்க நம்ம கடையோட விலைப்பட்டியல், அதையே இழுத்து மூடிட்டாங்க" என்று அம்மா சொன்னாள். சின்ன வெள்ளைப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தாள், அதில் எழுதிக் காட்டினேன். ஆனால் போனில் கேட்கிறவனுக்குப் பலகையை எப்படிக் காட்டுவது? பள்ளிக்கூடத்துக் கிளார்க் ஒருவர் போனில் அட்டைக்கு விலை கேட்டார், நான் எழுதி, அம்மா படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கனமான அட்டைக்கு மாறிவிட்டார், நான் அழித்துவிட்டு எழுதுவதற்குள் பழையபடி மெல்லிய அட்டைக்கே வந்துவிட்டார், கடைசியில் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தவர் கூப்பிடவே இல்லை. நம் மிஷின்மேன் உதவி செய்கிறேன் என்று ஒரு கம்பெனி ஃபைல் வேலைக்கு அவரே விலை சொல்லி ஒத்துக்கொண்டுவிட்டார், லேமினேஷனை மறந்துவிட்டார். ஏன் சேர்க்கவில்லை என்று பலகையில் கேட்டால், "பளபளன்னு வேணும்னு அவங்க வாயால சொல்லவே இல்லையேண்ணே" என்கிறார், பளபளவென்று மாதிரி அவர் கையிலேயே இருக்கிறது! அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என் தலைக்குள் இருந்ததை நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அந்த வாரம்தான் நீ பேசி அனுப்பிய குரல் பதிவைப் பலமுறை கேட்டேன். விலை போட்டுத் தரும் எத்தனையோ சாஃப்ட்வேர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாயே, "அப்பா, அது என்னென்ன பண்ணும்னு அவங்க காட்டறதைப் பாக்காதீங்க, நீங்க முடிச்சுக் குடுத்த பழைய வேலையை உள்ள போட்டு, வர்ற விலை உங்க விலைக்குப் பக்கத்துல வருதான்னு பாருங்க" என்று, அந்த ஒரு வார்த்தைக்காகவே உனக்கு நான் தனியாகக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் வந்ததிலேயே விழுந்திருப்போம். முதலில் வந்தவர் கழுத்துப்பட்டை கட்டிய தம்பி, லேப்டாப்பைத் திறந்து வர்ணம் வர்ணமாகப் படம் காட்டினார், எனக்கு வாய் பிளந்துவிட்டது, பிளந்த வாயால் பேச முடியாதது நல்லதாகப் போயிற்று. அம்மா ஒரு பழைய விசிட்டிங் கார்டு வேலையை எடுத்து வைத்து, "இதுக்குப் போடுங்க தம்பி, பாக்கலாம்" என்றாள். அது கேட்க ஆரம்பித்தது பார், மை எத்தனை கிராம், எந்த ஷிப்டு, எந்தத் துறை, யார் ஒப்புதல், எந்தக் கிடங்கு! "தம்பி, இதுக்குப் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள கார்டை அடிச்சு, வெட்டி, கையிலயே குடுத்துடலாமே" என்றாள் அம்மா. அந்தத் தம்பியும் நல்ல பிள்ளை, சிரித்துவிட்டு, இது பெரிய ஆலைகளுக்கானது, உங்களுக்குச் சட்டை தொளதொளவென்றுதான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். அடுத்தது உன் மாமா சொன்னது. விலை மலிவு, ஆனால் அது மளிகைக்கடைக்காகப் பிறந்தது. நோட்டீஸ் வேலையைப் போட்டால் கிலோவா டஜனா என்று கேட்டது. பில் மட்டும் போடும், வேலைக்கு முன்னால் மதிப்பீடு போடத் தெரியாது. நமக்கு விலை சொல்லத்தானே ஆள் வேண்டும், சொன்ன பிறகு எழுத அம்மாவே போதுமே. மாமாவுக்கு மனசு சங்கடப்படக்கூடாது என்று கொஞ்சநாள் வைத்திருந்தோம், அது நம் லெட்டர்ஹெட் கட்டுக்குக் காலாவதித் தேதி கேட்ட அன்றைக்கு மாமாவே எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

இப்போது எதிர்க்கடைக்காரருக்கு வருகிறேன். நீ இங்கே இருந்த காலத்திலிருந்து எங்கள் உறவு உனக்குத் தெரியும், பகை என்று சொல்ல முடியாது, பார்வையிலேயே குடும்பம் நடத்துவோம். நான் கலர் மிஷின் வாங்கினால் அவர் கடைப் பெயர்ப்பலகைக்கு விளக்குப் போடுவார், அவர் ஒரு விலைக்கு நோட்டீஸ் அடித்தால் நான் அதற்குக் கீழே அடிப்பேன். தெருவைக் கடந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்த மனுஷர் ஒரு மத்தியானம் நேராக நம் கடைக்குள் வந்து நின்றார். "உங்க வாடிக்கைக்காரங்க சில பேரு என் கடைக்கு வந்து விலை கேட்டாங்க, ஏன் இங்கன்னு கேட்டேன், உங்களால பேச முடியலன்னாங்க. பேச முடியாத ஆளோட போட்டி போட்டு ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பாங்க?" என்றார். நான் பலகையைத் தேடினேன், கிடைக்கவில்லை, கும்பிட்டேன். அவரிடம் அச்சுக்கடைக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம், சின்னக் கடைக்குத் தோதானது, "நாளையிலிருந்து தங்கச்சியை அனுப்புங்க, ஓடுறதை நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணட்டும்" என்று அம்மாவைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மகளே, இதன் கனம் உனக்குப் புரிய வேண்டும். இந்த மாதிரிச் சாஃப்ட்வேரில் ஒருவருடைய தொழில் முழுவதும் உள்ளே இருக்கும், தாள் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார், வெட்டும்போது எவ்வளவு தாள் கழிவாகப் போகிறது, மேலே எவ்வளவு லாபம் வைக்கிறார் எல்லாமே. அதைப் போட்டிக் கடைக்காரன் மனைவிக்குத் திறந்து காட்டுவது, நம் அடுப்படியைத் திறந்து பானைக்குள்ளே பார்த்துக்கொள் என்று சொல்வது மாதிரி. அம்மாவும் நம் கடை பைண்டிங் அக்காவும் சாப்பாட்டு நேரத்தில் தினமும் போனார்கள். அம்மா முதல்நாளே, "அண்ணே, உங்க விலையை மூடிட்டுக் காட்டுங்க" என்றாளாம். "மூடினா என்னத்தம்மா கத்துப்பீங்க?" என்று சிரித்தாராம் அவர். நான் ஆவல் தாங்காமல் பலகையில் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவளோ எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் சொன்னாள். மதிப்பீடு போட்டு ஒத்துக்கொண்டால் அதுவே மிஷினுக்குப் போகிற வேலைச் சீட்டாக மாறும், வேலை முடிந்தால் அதுவே பில்லாகும், திரும்பத் திரும்ப எழுத வேண்டாம், நெட் இல்லாவிட்டாலும் நிற்காது, பிடிக்கவில்லையென்றால் நம் கணக்கை வெளியே எடுத்துக்கொண்டு போகலாம். நீ சொன்னபடி நம் பழைய வேலைகளை அதில் போட்டுப் பார்த்தாள், அநேகமாக எல்லாம் என் விலைக்குப் பக்கத்தில் வந்தது, டயரி வேலை மட்டும் தள்ளி வந்தது, அதில் நான் வெட்டுக்கூலியை விட்டுவிட்டுத்தான் இத்தனை காலம் விலை சொல்லியிருக்கிறேன், வெளியே சொல்லாதே. வாங்கிவிட்டோம்.

வாங்கிய பிறகு எங்கள் விலைகளை உள்ளே ஏற்ற வேண்டுமே, அதுதான் கூத்து. அவள் கேட்பாள், நான் எழுதிக் காட்டுவேன். "ஒரு ரீம் தாளுக்கு எவ்வளவு கழிவு போகும்?" என்றாள். பார்த்துத்தான் என்று எழுதினேன். "பார்த்துத்தான்னு அடிக்க இதுல கட்டம் இல்லைங்க, ஒரு எண் சொல்லுங்க" என்றாள். இத்தனை காலம் தாளின் தரத்தை விரலிலும் ஆளின் தரத்தை முகத்திலும் பார்த்து விலை சொன்ன எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது கண்ணு, என் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன நினைக்கிறேன் என்று அவள் இவ்வளவு விடாமல் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் வருஷம் முழுவதும் வேண்டிய படிவங்களை அடிக்க விலை கேட்டு அனுப்பினார்கள். எங்களுக்கும் வந்தது, எதிர்க்கடைக்காரருக்கும் வந்தது. கிடைத்தால் மழைக்காலத்து மந்தம் தெரியாது, மிஷின்மேனுக்கும் பைண்டிங் அக்காவுக்கும் வேலை நிச்சயம். நான் பலகையை எடுத்தேன், அவர் லாபம் எவ்வளவு வைக்கிறார் என்று எழுதினேன். எழுதும்போதே கை கூசியது, ஆனாலும் எழுதினேன். அம்மா படித்தாள், முந்தானையால் அதை அழித்தாள். "அவர் நம்பித் திறந்து காட்டினாரு. அது அவர் வீட்டு விஷயம். இந்தக் கொட்டேஷனை நீங்களே போடுங்க, நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் பைண்டிங் அக்காவோடு தாள் மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் போட்டேன். எந்த அளவுத் தாளில் அடிப்பது என்று அது கேட்டது, வழக்கமான அளவைப் போட்டேன், பெரிய அளவையும் போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன், பெரிய தாளில் படிவம் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து கழிவு பாதியாகக் குறைந்தது. பழக்கதோஷத்தில் இத்தனை நாள் சின்னத் தாளிலேயே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வந்த விலையை அப்படியே அனுப்பினேன். வேலை நமக்குக் கிடைத்துவிட்டது.

கடிதம் வந்த அன்று கடையில் எல்லாரும் குதித்தார்கள், நான் மட்டும் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைப்பார் அவர்? என் கணக்கைப் பார்த்துவிட்டுப் போய்ப் புருஷனிடம் சொல்லிவிட்டாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? சொல்லவில்லை என்று சொல்வதற்கு வாயும் இல்லை, என் நிலைமை ஊமை கண்ட கனவுதான். மறுநாள் காலையில் அவர் கடைக் கதவைத் தூக்கிய உடனே எங்கள் மதிப்பீட்டை முழுசாக அச்செடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன், எங்கள் தாள் விலை, கழிவு, லாபம் எல்லாம் அதில் இருந்தது, அவர் திறந்து காட்டினார், நானும் திறந்து காட்டிவிடுகிறேன் என்று. அவர் வாங்கினார், என்னவென்று புரிந்ததும் படிக்காமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "தங்கச்சி சொல்லியிருக்கும்னு நான் நினைப்பேன்னு பயந்துட்டீங்களா?" என்றார். "என் லாபக் கட்டம் வர்றப்பல்லாம் அது கூட வந்த அக்காவையும் சேத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு சுவரைப் பாத்து உக்காந்துக்கும். ஆச்சா அண்ணே, திரும்பலாமான்னு கேட்டுத்தான் திரும்பும். என் கடைப் பசங்க சிரிப்பாங்க. அதுக்குத் தெரியவே தெரியாதுங்க, அப்புறம் எங்க இருந்து உங்ககிட்ட சொல்லும்?"

எனக்கு இது தெரியாது மகளே. தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறாள் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். முந்தின நாள்தான் டாக்டர் மெதுவாக ஒன்றிரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார், முதல் வார்த்தையை உனக்கு போன் செய்து சொல்வது என்று வைத்திருந்தேன், உன் பெயரைத்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் அங்கே என்னை அறியாமல் "நன்றிண்ணே" என்று வந்துவிட்டது. தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஒரு குரல். "பேச்சு வந்துடுச்சுடா!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், அப்புறம் மெதுவாக, "எப்படிங்க அந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாச்சு?" என்றார். நான் மேஜைமேல் தாளை விரித்துப் பெரிய அளவைக் கையால் காட்டினேன். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார், அவரும் சின்னத் தாளில்தான் போட்டிருக்கிறார். படிவங்களுக்கு வரிசை எண் போடும் வேலையை அவர் மிஷினில்தான் செய்யப்போகிறோம், நம்மிடம் அது இல்லையே.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "ஏன் சொல்லல?" என்றேன். அதுதான் என் இரண்டாவது வார்த்தை. அவள் குரலைக் கேட்டுக் கண் கலங்கினாள், ஆனால் பதில் மட்டும் வழக்கம்போலத்தான். "பாக்காததைப் பாக்கலன்னு எத்தனை பேருகிட்ட போய்ச் சொல்றது? அதுக்கு ஒரு ஊர்வலமா? டாக்டர் அதிகம் பேசாதீங்கன்னு சொன்னாருல்ல, பேசாம கஞ்சியைக் குடிங்க." இந்த வீட்டில் இத்தனை வருஷம் சத்தம் போட்டதெல்லாம் நான், கடையைத் தாங்கினது யார் என்று வாய் மூடிய பிறகுதான் கண்ணால் பார்த்தேன். எனக்கு இப்படி ஒரு மனைவியும், கடல் தாண்டியிருந்தும் கடைக்கு வழி சொல்கிற மகளும், எதிரே இப்படி ஒரு மனுஷரும் வாய்த்திருக்கிறார்களே, நான் எவ்வளவு கொடுத்து வைத்தவன்!

மாப்பிள்ளை முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றினாரா? குட்டிக்குப் பல் விழுந்ததாமே, புதுப் பல் வந்ததும் சிரிக்கிற படம் அனுப்பு, அம்மா கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டுமாம். நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கூட்டத்தில் கத்திப் பேசாதே, இந்தத் தொண்டை பரம்பரையாக வந்தாலும் வரும். உங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லாமல், கைக்கு வேலையும் மனசுக்கு அமைதியும் நிறைந்து, நீங்கள் மூவரும் நீண்டகாலம் நன்றாக வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. முதல் வார்த்தை எதிர்க்கடைக்காரருக்குப் போய்விட்டது என்று கோபித்துக்கொள்ளாதே, அடுத்தது அம்மாவுக்குப் போய்விட்டது, அதற்கும் கோபித்துக்கொள்ளாதே. அதற்கப்புறம் உள்ளதெல்லாம் உனக்குத்தான், இந்தத் தடவை போனை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

என்றும் உன் நினைவோடு,
உன் அப்பா