ரூபி கையில் டார்ச்

அன்புள்ள ரூபி அப்பாவுக்கு,

நாலு நாள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வருகிறேன் என்று ஈஸ்டருக்கு முன்னால் சிங்காரப்பேட்டைக்குப் போனீர்கள். இங்கே பள்ளிக்கூடமெல்லாம் திறந்துவிட்டது. அங்கே தூக்கம் நன்றாக வருகிறதென்று நினைக்கிறேன்.

"பொண்ண நாலு பேரு வேடிக்க பாக்க உட்டுராத" என்று போனில் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டி இருக்கிற மெடிக்கல் காலேஜுக்கு அவளை அழைத்துப் போனேன். இவளைப் போல மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று மாணவர்களுக்கு அங்கே வகுப்பு.

ஒரு கன்னடத்து மாணவி ரூபியின் கன்னத்தைத் தொடப் போனாள். இவள் வழக்கம்போல் தன் கையைக் கடித்துக்கொண்டு அலறினாள். மாணவி என் பக்கம் திரும்பி, "எப்பவும் இப்படியா?" என்றாள்.

"அம்மாவ ஏன் கேக்கற? அவகிட்ட பேசு" என்றார் பேராசிரியை.

அந்த மாணவி தரையில் உட்கார்ந்து, தன் டார்ச்சை ரூபி கையில் கொடுத்துத் தன் வாயைத் திறந்து காட்டினாள். ரூபி வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே வாயைத் திறந்தாள்.

கடைவாய்ப் பல்லில் சீழ். இவள் அலறுவது பிடிவாதம் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் ஒரு நாளும் அங்கே பார்த்ததில்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது ராத்திரியிலும் அலறல் இல்லை.

அவளைச் சேர்க்க நீங்கள் பேசி வைத்த சேலம் ஹோமுக்கு, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். மாதாமாதம் அந்த வகுப்புக்குத்தான் போகப் போகிறோம்.

நீங்களும் வீட்டுக்கு வரலாம். ஆனால் வாசலில் நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவளுக்குச் சொந்தமாக ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பார்க்காமல் அவள் யாரையும் உள்ளே விடுவதில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா